கடலூர்ல இருந்து பெங்களூரு: பஸ்ஸா, ப்ளைட்டா?

பாண்டியில இருந்து பெங்களூருக்கு ப்ளைட் இருக்கு, ஒண்ணேகால் மணி நேரத்துல போயிடலாம்னு யாராவது சொன்னா உடனே டிக்கெட் போட்டுடாதீங்க. அது டைம்டேபிள் கணக்கு. நமக்கு வேண்டியது, வாசல்ல செருப்பு மாட்டறதுல இருந்து அங்க போய் கழட்டற வரைக்கும் எவ்ளோ ஆகுதுங்கறதுதான்.

முதல்ல தூரம். கூகுள் மேப்ஸ்ல கடலூர் மேல விரலை அழுத்திப் பிடிச்சா சிவப்பா ஒரு பின் விழும், அதுல தூரம் அளக்கற ஆப்ஷன தட்டிட்டு மேப்ப பெங்களூரு வரைக்கும் இழுத்தீங்கன்னா நேர்கோட்டுல 270 கிலோமீட்டர் சொச்சம் காட்டும். ரோட்டுல பண்ருட்டி, விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர்னு போனா 300க்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான் வித்தியாசம்.

ரோட்டு நேரம் பாக்கும்போது மேப் இப்போ காட்டறத நம்பாதீங்க, 'புறப்படற நேரம்'ங்கற ஆப்ஷன்ல நீங்க நிஜமா கிளம்பற கிழமையும் மணியும் போட்டுப் பாருங்க. கார்ல சுமாரா ஆறரை, ஏழு மணி நேரம், பஸ்ஸுன்னா இன்னும் ஒரு மணி சேத்துக்கோங்க. பௌர்ணமியான்னு காலண்டர ஒரு தடவ பாத்துடுங்க, கிரிவலக் கூட்டத்துல வண்டி மாட்டுச்சுன்னா எந்த கணக்கும் நிக்காது.

இப்போ ப்ளைட். பாண்டியில லாஸ்பேட்டை ஏர்போர்ட் ரன்வே ஒன்றரை கிலோமீட்டர்தான், அதனால பெரிய ஜெட் எறங்காது, இறக்கையில காத்தாடி சுத்துற ஏடிஆர்ங்கற சின்ன ப்ளைட்தான் வரும். 2024ல பல மாசம் ப்ளைட்டே இல்லாம கெடந்து டிசம்பர்ல இண்டிகோ வந்துச்சு, அதனால டைமிங்க எப்பவும் புக் பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

கடலூர்ல இருந்து லாஸ்பேட்டைக்கு ஒரு மணி நேரம் வைங்க. கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரைக்கும் சரசரன்னு வந்துடுவீங்க, மரப்பாலத்துல ஒரு லாரி குறுக்க நின்னா போதும், அங்கயே கால் மணி காலி. ப்ளைட் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே செக்-இன் கவுண்டர மூடிடுவாங்க, அதனால ஒன்றரை மணி முன்னாடி இருக்கணும். பறக்கறது ஒண்ணேகால், எறங்கி பெட்டி எடுக்க அரை மணி, அப்புறம் தேவனஹள்ளியில இருக்கற பெங்களூரு ஏர்போர்ட்ல இருந்து ஊரு நடுவுல பஸ் ஸ்டாண்ட் இருக்கற மெஜஸ்டிக்குக்கு கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், அதுக்கு ஒண்ணு ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்க, ஆறு மணி நேரத்த தொட்டுடும்! கார விட ஒரு மணிதான் லாபம்.

அதனால பெங்களூருல எந்தப் பக்கம் போறீங்கங்கறதுதான் முக்கியம். ஏர்போர்ட் இருக்கற வடக்குப் பக்கம் எலஹங்கா, ஹெப்பால்னா ப்ளைட் நல்லது. தெக்கால இருக்கற எலக்ட்ரானிக் சிட்டின்னா பஸ்ல வந்து ஓசூர் ரோட்டுலயே எறங்கிக்கலாம், ப்ளைட்ல போனா ஊரு வடக்குல எறங்கி மொத்த ஊரையும் தாண்டித் திரும்ப தெக்க வரணும். என் மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் போனான், பறந்தத விட டாக்ஸில உக்காந்திருந்த நேரம் டபுள், டாக்ஸி காசுல ரெண்டு பஸ் டிக்கெட் எடுத்திருக்கலாம்னு இன்னும் பொலம்பறான்.

பஸ்தான்னு முடிவாச்சுன்னா ராத்திரி ஒன்பது, பத்துக்கு கிளம்பறதா பாருங்க, ஓசூர் ரோட்டுல டிராபிக்குக்கு பேர் போன சில்க் போர்டு சிக்னல் முழிக்கறதுக்குள்ள தாண்டிடலாம்.