சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரி ஜெபம்

எனக்கு ஐந்து வயதில் ஒருத்தி, இரண்டரை வயதில் ஒருத்தன். பாளையங்கோட்டையில் வீடு. குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தவரை ஒரு நாளும் உருப்படியாக நடக்கவில்லை. சின்னவன் பாயிலேயே சாய்ந்துவிடுவான். இப்போது 7 மணிக்கே, தோசைக்கல்லை அடுப்பில் போடுவதற்கு முன்னால் முடித்துவிடுகிறேன். லேசான பசியில்தான் முழித்திருப்பார்கள். பசி முற்றினால் அழுகை.

முதலில் பாட்டு. எவர்சில்வர் டப்பாவும் கரண்டியும் சின்னவன் கையில். காது கிழியும்தான், ஆனால் எழுந்து ஓடமாட்டான்.

பைபிள் வசனம் நீளமாக வேண்டாம். யோவான் 11:35-இல் தொடங்கினேன்: "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே வார்த்தை. "ஏம்மா அழுதாரு?" என்றாள் மகள், இயேசுவின் செத்துப்போன நண்பர் லாசருவின் கதை இரண்டு நாள் ஓடியது. அடுத்து 23-ஆம் சங்கீதம். ஆறு வசனம், வாரத்துக்கு ஒன்று. சடை பின்னும்போது நான் பாதி சொல்லி நிறுத்துவேன், மீதியை அவளே முடிப்பாள். "சொல்லு, சொல்லு" என்று அதட்டினால் வாயே திறக்கமாட்டாள்.

பெரியவர்கள் ஜெபம் ஒரு நிமிஷம் போதும். மாமியார் ஊர் உலகமெல்லாம் சுற்றி வருவதற்குள் சின்னவன் கட்டிலுக்கு அடியில் இருப்பான். "அத்தை, நீள ஜெபத்தப் பிள்ளைங்க தூங்கின பிறகு வச்சுக்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு நாள் முகம் சரியில்லை. பிறகு அவரே சுருக்கிக்கொண்டார்.

பிள்ளைகள் ஜெபத்தைத் திருத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்குச் சளி சரியாகணும் என்று மகள் ஒரு வாரம் ஜெபித்தாள். நாங்களும் ஆமென் சொன்னோம். கோழி ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிட்டது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.