சித்திரை வெக்கையில் பச்சைக் குழந்தையும் தாயும்

கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அடுக்குமாடிகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் இரவிலும் புழுக்கம் தணியாததால், பச்சைக் குழந்தையைத் தொப்பியும் காலுறையும் மாட்டிப் போர்த்தி வைக்காமல், மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றை மட்டும் அணிவித்து, மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதவாறு மல்லாத்திக் கிடத்துங்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வை பிசுபிசுத்தால் உடுப்பைக் குறைக்க வேண்டும்.

6 மாதம் நிறையும் வரை தண்ணீரோ கொத்தமல்லி அவித்த நீரோ ஒரு சொட்டும் வேண்டாம். அடிக்கடி தாய்ப்பால் கொடுத்தாலே போதும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு 6 தடவையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்று கவனியுங்கள்.

பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் அம்மம்மாமாரின் பத்தியத்தை மரியாதையாக ஒதுக்கிவிடலாம்; பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்குகளை அரைத்துச் சமைக்கும் சரக்குக் கறி இருந்துவிட்டுப் போகட்டும். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டாலோ, தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் அணையாடை முழுதும் நனையுமளவு இரத்தம் போனாலோ, குடும்பநல உத்தியோகத்தர் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.