கிராக்கோ: ஆளில்லாத மலையூருக்குள் முறைப்படி நுழைவது எப்படி?

தென்னித்தாலியின் பாசிலிக்காத்தா பகுதியில், ஏறத்தாழ 400 மீட்டர் உயரக் குன்றின் மேல் நிற்கும் பழைய கிராக்கோவில் இன்று யாரும் குடியிருப்பதில்லை. 1963இல் நிலம் சரிந்தபின் மக்கள் பெருமளவில் வெளியேற்றப்பட்டார்கள்; 1980 நவம்பர் நிலநடுக்கத்துக்குப் பின் ஊர் முழுவதுமே காலியாயிற்று. ஆளில்லாத ஊர்தானே, நினைத்த நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்ப நேரிடும். நுழைவுச்சீட்டு பெற்று, தலைக்கவசம் அணிந்து, வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே செல்ல முடியும்.

படி 1: நுழைவு நேரத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

விடுதி, வாடகைக் கார், மதிய உணவு எல்லாவற்றையும் இந்த நேரத்தை வைத்தே பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். காலை நேரமே சிறந்தது என்பேன். கோடையில் நண்பகலுக்குப் பிறகு அந்தச் சரிவில் நிழலுக்கு ஒதுங்க இடமிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் சென்றால் சுற்றியுள்ள கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும். ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டுமானாலும், குழந்தைகளை அழைத்துச் செல்வதானாலும், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

படி 2: கார்

விமானம் பாரியில் இறங்கும். தங்குவதற்கு மாத்தேரா வசதியான ஊர். அங்கிருந்து கிராக்கோவுக்குச் சுமார் ஒரு மணி நேரப் பயணம். இந்திய உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் அந்த அனுமதி ஓராண்டுதான் செல்லும் என்பதால் தேதியைச் சரிபாருங்கள். பெரிய வண்டிக்கு ஆசைப்படாதீர்கள். ஃபியட் பாண்டா அளவுள்ள சிறிய கார்தான் அந்த வளைவுகளுக்கும், ஊர்ச் சந்துகளில் வண்டியை நிறுத்துவதற்கும் ஏற்றது. கியர் மாற்றாமல் ஓட்டும் வண்டிகள் அங்கே குறைவு. வேண்டுமென்றால் வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

படி 3: வரைபடத்தில் எந்தக் கிராக்கோ?

இந்தப் படியில்தான் நிதானம் தேவை. ஊரை விட்டு வெளியேறியவர்களுக்காகப் பள்ளத்தாக்கில் கிராக்கோ பெஸ்கியேரா என்ற புதிய குடியிருப்பு உருவாயிற்று. இப்போது ஊராட்சியும் மக்களும் அங்கேதான். வரைபடத்தில் வெறுமனே ‘கிராக்கோ’ என்று தேடினால் குன்றின் அடியிலுள்ள அந்தப் புதிய ஊருக்கே போய்ச் சேர நேரலாம். அங்கிருந்து மீண்டும் மலையேறி வருவதற்குள் நுழைவு நேரம் கடந்துவிடும். ‘கிராக்கோ வெக்கியா’, அதாவது பழைய கிராக்கோ, என்று தேடி, செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, குன்றின் உச்சியில் சதுரமான நார்மன் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்து, நுழைவுச்சீட்டில் குறிப்பிட்டுள்ள கூடுமிடத்தை அதற்கருகில் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை விடுதியிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் அந்த மேடுபள்ளங்களுக்கிடையே கைபேசி இணைப்பை முழுதாக நம்ப முடியாது. நான் வழிகாட்டிச் செயலியின் குரலைவிடச் சாலையோரப் பலகைகளையே அதிகம் நம்புவேன்.

படி 4: உள்ளே

கணுக்காலை இறுகப் பிடிக்கும் காலணி அணியுங்கள். ஊரின் மேற்பகுதி கூழாங்கற்கள் இறுகிய பாறையின் மேலும், சரிவு களிமண்ணின் மேலும் அமைந்திருக்கின்றன. களிமண்ணில் நீர் ஊறினால் அது வழுக்கத் தொடங்கும். சாக்கடை, குடிநீர்க் குழாய்ப் பணிகளும் 1963ஆம் ஆண்டுச் சரிவுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இதை அறிந்துகொண்டு நடந்தால் இடிபாடுகளுக்குப் பொருள் விளங்கும்: மேலே கோபுரம் அசையாமல் நிற்கிறது, கீழே சுவர்கள் நடுவில் பிளந்து கிடக்கின்றன. முன்சுவர் இடிந்துபோன வீடுகளில் மாடிக் கதவு வெறும் காற்றில் திறக்கிறது. உள்ளே சுவர்ப் பூச்சின் நீலம் இன்னும் வெளுக்காமல் இருக்கிறது. வழிகாட்டி நிற்கச் சொல்லும் இடத்தில் நின்று, திரும்பி எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். மழைநீர் அரித்த களிமண் மேடுகள் கண்ணுக்கெட்டும் தொலைவு வரை வரிவரியாகத் தெரியும்.

படி 5: சாப்பாடு

தண்ணீரும் ரொட்டியும் மாத்தேராவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சைவர்கள் ‘பெப்பெரோனி குருஸ்கி’யைத் தேடிச் சாப்பிடலாம்: உலர்த்திய செனிசே மிளகாயை எண்ணெயில் பொரித்தது, நம் மோர்மிளகாய் போல நொறுங்கும், ஆனால் காரமிராது.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் இதைச் சேர்க்கிறேன். பேருந்தில் போகலாமா என்றால், அவை எண்ணிக்கையில் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மோசம். ஓட்டத் தெரியாதவர்கள் மாத்தேராவில் ஓட்டுநருடன் வண்டி அமர்த்திக்கொள்வதே நல்லது. மற்றொன்று, ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்து வரும் அபராதக் கடிதம். மாத்தேராவின் பழைய பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு எல்லை உண்டு; அதன் வாயிலில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தால் கேமரா இயங்குகிறது, நுழையக் கூடாது. விடுதி அந்த எல்லைக்குள் இருந்தால், காரின் எண்ணை விடுதிக்காரரிடம் முன்பே கொடுத்து அனுமதி வாங்கித் தரச் சொல்லுங்கள். இல்லையெனில் வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள்.