வீட்டிலேயே ஏர் பிஸ்டல் பயிற்சி நாள் நடத்துவது எப்படி?

முதலில் எதைச் சுடப்போகிறோம் என்பதை முடிவு பண்ணுங்கள். தோட்டா போடும் .22 பிஸ்டல் என்றால் லைசென்ஸ் வேண்டும், அதை ரைபிள் கிளப் ரேஞ்சில் மட்டும் சுடுங்கள். காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், சக்தியும் 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. நான் சொல்வதெல்லாம் இதற்குத்தான். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

அடுத்து இடம். நேராக 10 மீட்டர் வேண்டும், காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் அதற்கா பஞ்சம்! ஆனால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை தெரிகிற மாதிரி வாசல்களெல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் அடுத்த தெரு. போன வருஷம் நாங்கள் அந்தக் கோட்டிலேயே பின்கதவுக்குப் பக்கத்தில் குறி அட்டையை வைத்தோம். கதவைச் சாத்தினோமே தவிர தாழ்ப்பாள் போடவில்லை. எல்லாரும் லோட் பண்ணி முடித்த நேரம் பார்த்து, ஆச்சி ஒரு தட்டு நிறையச் சீயத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு அட்டைக்கு இரண்டடி தள்ளி வந்து நின்று, "என்னப்பா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறீக?" என்றார். யாரும் சுடவில்லை, ஆனாலும் எனக்கு அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் கதவு, ஜன்னல் இல்லாத பக்கச் சுவராகப் பாருங்கள். வெறும் சுவரிலோ கல்தூணிலோ பட்டால் பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு) திரும்பி வரும், எனவே அட்டையைப் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டியில் மாட்டி, பின்னால் பழைய ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். அட்டையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பத்து மார்க் வட்டம் 11.5 மி.மீ.தான், ஒரு ரூபாய்க் காசில் பாதி அகலம். சுடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லாருக்கும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கோலமாவில் ஒரு கோடு போட்டு, அன்றைக்குச் சுடாத ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்' எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், 'ஸ்டாப்' மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். குறி பார்க்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. பிஸ்டலில் ட்ரை ஃபயர் (பெல்லட் போடாமல் ட்ரிகரை இழுத்துப் பழகும்) வசதி இருந்தால் முதல் அரை மணி நேரம் பெல்லட்டே தராதீர்கள், முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஆபத்தான நேரம் அட்டை மாற்றப் போகும்போதுதான். அன்லோட் பண்ணி, உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டப் பேரலுக்குள் கலர் நைலான் கயிற்றை இரண்டு முனையும் வெளியே தெரிகிற மாதிரி நுழைத்து, குழல் குறியைப் பார்த்தபடி மேஜையில் வைத்துவிட்டு எல்லாரும் இரண்டடி பின்னால் வர வேண்டும். பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ஒருவர் முன்னால் போகலாம், அவர் திரும்பி வரும்வரை யாரும் பிஸ்டலைத் தொடக் கூடாது. "சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், அவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெயில் ஏறுமுன் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பெல்லட் ஈயம், அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் சீயத்தில் கை வைக்கக் கூடாது. சிதறிய பெல்லட்டுகளைக் கூட்டி அள்ளி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தால் அந்தத் தரையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தும் விடுங்கள்.