கல்லை விட்டுக் கடதாசிக்கு ஓட வேண்டாம்

புவிச்சரிதவியல் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் கேட்கிற முதல் கேள்வி, “மாணிக்கக்கல் பார்க்கத் தெரியுமா?” என்பதுதான். எனக்குத் தெரியாது. பாறை எப்படி மடிந்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற கட்டமைப்புப் புவிச்சரிதவியலே என் வேலை. கலைக்காக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியும் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்குத் தலைவராக இருந்த பாறைக்காரர்தான் என்று சொன்னால் வீட்டார் கொஞ்சம் சமாதானமாவார்கள்.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் சறுக்குவது, உருண்டு வந்த கல்லை அளப்பதில். மாணவனாக இருந்தபோது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை மலையில் லொறி அளவு கல்லொன்றில் காலை முழுக்கச் சாய்வு அளந்தேன். சேர் திட்டவில்லை. சுத்தியலால் கல்லின் அடியைத் தோண்டிக் காட்டினார், உள்ளே மண். அது என்றோ மேலிருந்து வந்து குந்திய கல். மலைநாட்டுச் சரிவுகளில் இப்படி ஏராளம். ஆற்றுப் படுகையில் இறங்கினால் நிலைத்த பாறை கிடைக்கும். அங்கே அளந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொம்பஸைச் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்து அளப்பதும் உண்டு. சுத்தியலின் இரும்பு கொம்பஸ் ஊசியை இழுத்துவிடும்.

அடுத்தது, மண்ணைப் பார்த்ததும் “இது மண் எஞ்சினியர் பாடு” என்று நகர்ந்துவிடுவது. இங்கே பாறை ஆழமாக உக்கிப்போயிருக்கும், ஆனால் பாறையில் அடுக்கடுக்காக இருந்த பழைய பட்டைகளும் வெடிப்புகளும் அந்த மண்ணுக்குள் அப்படியே இருக்கும். மழைநீர் ஊறியதும் சில சரிவுகள் அந்தப் பழைய தளத்திலேயே வழுக்குகின்றன. பட்டை மலைச்சரிவின் பக்கமே சாய்கிறதா, மலைக்குள் சாய்கிறதா என்பதை மண்வெட்டிலும் அளக்கலாம்.

ஆலோசனை வேலையில் நான் அதிகம் காண்கிற தவறு வேறு. ரோட்டு வெட்டு ஒன்றில் நாற்பது அளவீடு எடுத்து, வரைபடத்தில் குத்தி, “ஆபத்தான வெடிப்பு இல்லை” என்று எழுதிவிடுவார்கள். வெட்டுமுகத்துக்குச் சமாந்தரமாக ஓடும் வெடிப்புகள் அந்த முகத்தில் குறைவாகத்தான் தென்படும். ரோட்டை நோக்கிச் சாய்ந்தால் பாறையை முழுத் தகடாக இறக்குவது அவைதான். குறுக்கே போகும் ஓடையிலோ பக்கத்துத் தோட்டப் பாதை வெட்டிலோ இன்னொரு தொகுதி அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காசு கொடுப்பவர் அவசரப்படுத்துவார். சரி, படட்டும்.

விளம்பரத்தில் இந்தத் துறையின் பெயரே வரும் என்று காத்திருப்பதும் வீண். வேலை கல் குவாரியாக, சுரங்கமாக, குழாய்க் கிணறாக, மண்சரிவு அறிக்கையாகத்தான் வரும்.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மடிப்புகளில் மயங்கி, பின்னால் வந்த வெடிப்புகளை மறப்பார்கள். ஆலோசகர்கள் வெடிப்பை மட்டும் எண்ணுவார்கள். மலைநாட்டின் தெற்கு விளிம்பில், சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992இல் கசிவு வெடித்தது. அங்கே கரைந்து குகைபோட்ட சுண்ணப் பளிங்குப் பாறை இருந்தது. அந்தப் பளிங்குப் பட்டை நிலத்தடியில் எங்கே திரும்புகிறது என்பதைச் சொல்வது மடிப்பு. அதற்குள் தண்ணீர் எந்த வழியில் போகும் என்பதைச் சொல்வது வெடிப்பும் குகையும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கற்பிப்பவர்கள் அல்ப்ஸ் மலைப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொத்துக் கடையில் கோதம்ப ரொட்டியை ஒருமுறை மடித்து, திருப்பி இன்னொருமுறை மடிப்பதைக் காட்டினால், மடிந்த மடிப்பு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். நம் மலைகளில் இருப்பதும் அதுதான்.

அப்புறம், லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், போகாமல் திரும்பி வருவது. அறிக்கை ஆங்கிலத்தில், கூட்டம் சிங்களத்தில், மலையில் வேலை செய்பவர்கள் தமிழில். இந்த இடைவெளியில் நமக்கு வேலை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தயில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து நான் எங்கே போனாலும் கொம்பஸை எடுக்குமுன் கேட்கிறேன்: ஊற்று எங்காவது புதிதாகக் கிளம்பியதா, கானில் கலங்கல் வருகிறதா? ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா ஒருவர், “மழைக்குப் பிறகு பின்கதவு மட்டும் சாத்துப்படுதில்லை தம்பி” என்றார். நிலைக்கால் மேல்முனையில் இரண்டு விரல் விலகியிருந்தது. அன்றைய முதல் அளவீடு அந்த நிலைக்கால்தான்.