ரவுண்ட்ஸில் சக மருத்துவருக்குத் துணை நிற்பது எப்படி?

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியானாலும் வேறு எந்தக் கல்லூரியானாலும், மாணவர்கள் நோயாளியைப் பார்த்துக் கற்பது வார்டில், மருத்துவர் படுக்கை படுக்கையாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ரவுண்ட்ஸில்தான். ஆனால் அங்கே பாடம் நடத்துபவர் தான் நடத்தும் விதத்தைத் தானே பார்க்க முடியாது. பார்த்துச் சொல்ல, சம நிலையில் உள்ள இன்னொரு மருத்துவர் போதும். துறைத் தலைவர் வேண்டாம். மதிப்பிடுபவர் நின்றால் பாடம் அவருக்காக நடக்கும். வேறு துறைக்காரர் என்றால் இன்னும் நல்லது, சிகிச்சை விவாதத்தில் இழுபட மாட்டார்.

அந்த இன்னொரு மருத்துவர் நீங்கள் என்றால், முதல் நாளே பாடம் நடத்துபவருடன் பத்து நிமிடம் உட்கார்ந்து, "எதைக் கவனிக்கட்டும் சார்?" என்று கேளுங்கள். "எல்லாத்தையும் பாருங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள். "கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறேன்?" என்ற அளவுக்குக் குறுக வேண்டும்.

மறுநாள் மாணவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள். நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "ஆச்சி, இவுகளும் டாக்டர்தான். நாங்க பாடம் நடத்துறதைப் பார்க்க வந்திருக்காக, இருக்கலாமா?" அதன்பின் வாய் திறக்காதீர்கள், மாணவர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும்கூட. நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

குறிப்பில் தீர்ப்பு கூடாது, நடந்தது மட்டும். "அவசரப்பட்டார்" என்று எழுதினால் அவர் மறுப்பார். "9.12: கண்ணாடி விரியன் கடியில் ரத்தம் ஏன் உறையவில்லை என்று கேட்டார்; 1 விநாடியில் தானே பதில் சொன்னார்" என்று எழுதினால் மறுக்க இடமில்லை. கேள்விக்குப் பின் 3 விநாடியாவது மௌனம் வேண்டும். கேட்பவருக்கு அது நீளமாகத் தெரியும், யோசிக்கும் மாணவருக்குத் தெரியாது.

அன்றே, கதவை மூடிக்கொண்டு இருபது நிமிடம் பேசுங்கள். முதலில் அவர் பேசட்டும், பிறகு குறிப்பை வாசியுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: விஷமுறிவு மருந்தின் அளவு பற்றி வாதம் தொடங்கும், கற்பித்தல் மறந்துபோகும். பேச்சைத் திருப்பி, ஒரே ஒரு மாற்றத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். உதாரணமாக, பாம்புக்கடி நோயாளி நிலையாக இருந்தால், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து, உறைகிறதா என்று காத்திருக்கும் 20 நிமிடத்தில் ஐந்து படிகளில் நடத்திப் பார்க்கலாம்: மாணவரை ஒரு முடிவு சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, பொதுவிதி ஒன்றைச் சொல்வது, சரியாகச் செய்தது எது என்று குறிப்பிட்டுப் பாராட்டுவது, பிழையைத் திருத்துவது. 1992 முதல் புழக்கத்தில் உள்ள முறை இது.

குறிப்புத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நகல் எங்கும் போகக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அவர் தேர்ந்தெடுத்த அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மறுபடி பாருங்கள், பிறகு உங்கள் ரவுண்ட்ஸுக்கு அவரை அழையுங்கள்.