எண் எதை எண்ணுகிறது? அமெரிக்க எல்லை விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பரில் அமெரிக்காவின் தெற்கு எல்லையில், நுழைவுச் சாவடிகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் மட்டும், எல்லைக் காவல் படையினர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் முறை ஆட்களைப் பிடித்தார்கள். அதுவரை எந்த மாதத்திலும் பதிவாகாத எண்ணிக்கை அது. செய்தியைப் படித்த பலர், ஒரே மாதத்தில் இரண்டரை லட்சம் பேர் அந்த நாட்டுக்குள் குடியேறிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். சட்டவிரோதக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி செய்யும் தவறு இதுதான்: எண்ணைப் பார்த்துவிடுகிறோம், அது எதை எண்ணுகிறது என்று கேட்பதில்லை.

அரசு மாதந்தோறும் வெளியிடுவது பிடிபட்ட நிகழ்வுகளின் கணக்கு. ஒரே ஆள் மூன்று முறை பிடிபட்டால் மூன்று என்று பதிவாகும். கோவிட் காலத்தில், 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை, ‘டைட்டில் 42’ என்ற பொதுச் சுகாதார விதியின்படி பிடிபட்டவர்களில் பெரும் எண்ணிக்கையினரை வழக்கோ தண்டனையோ இல்லாமல் உடனடியாக மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாததால் அவர்கள் மறுநாளே மீண்டும் முயன்றார்கள். 2021ஆம் நிதியாண்டில் பிடிபட்ட நிகழ்வுகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவர்களுடையவை. மறுபக்கம், காவலர் கண்ணில் பட்டும் தப்பியவர்களும், கண்ணிலேயே படாமல் கடந்தவர்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே இந்த எண் ஒரு வகையில் உண்மையைக் கூட்டியும் இன்னொரு வகையில் குறைத்தும் காட்டுகிறது.

இரண்டு காலங்களை ஒப்பிடும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. 2000ஆம் ஆண்டிலும் தெற்கு எல்லையில் பிடிபட்ட நிகழ்வுகள் 16 லட்சத்தைத் தாண்டின. ஆனால் அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தனியாக வந்த மெக்சிகோ நாட்டு ஆண்கள். காவலர் கண்ணில் படாமல் ஓடி மறைவதே அவர்களின் நோக்கம். 2014க்குப் பிறகு குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து குடும்பங்களும் தனியாக அனுப்பப்பட்ட சிறுவர்களும் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். பின்னர் வெனிசுவேலா நாட்டினரும் அதிகமானார்கள். இவர்களில் பலர் ஓடவில்லை. காவலரைத் தேடிச் சென்று, புகலிடம் வேண்டுமென்று கேட்டுத் தங்களைத் தாங்களே ஒப்படைத்தார்கள். ஓடுபவரைத் தடுக்க வகுத்த திட்டம், வந்து நிற்பவரிடம் பயன்படுவதில்லை.

‘நாடு கடத்தல்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. முறையான ஆணை பிறப்பித்து வெளியேற்றுவது ஒன்று. விரலடையாளம் எடுத்துக்கொண்டு, ஆணை எதுவுமின்றி எல்லைக்கு அப்பால் திருப்பி அனுப்புவது இன்னொன்று. முதலாவது வகையில் வெளியேற்றப்பட்டவர் பல ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. மீறி வந்தால் கடுங்குற்றம். கிளின்டன் காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள் என்றால், அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை. ஒபாமா காலத்தில் மொத்த எண்ணிக்கை குறைந்தது, முறையான ஆணைகளோ 2013ஆம் நிதியாண்டில் நான்கு லட்சத்தைத் தாண்டின. எந்த அதிபர் அதிகம் பேரை வெளியேற்றினார் என்ற வாதத்தில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் சரியான எண்ணைச் சொல்லித் தவறான முடிவுக்கு வருவது இப்படித்தான்.

அடுத்து, பிரச்சினை முழுவதும் மெக்சிகோ எல்லையில்தான் இருக்கிறது என்ற எண்ணம். பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் உரிய ஆவணமின்றியோ தற்காலிகப் பாதுகாப்பை மட்டும் நம்பியோ அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் கணிசமானோர் எந்தச் சுவரையும் ஏறிக் குதிக்கவில்லை. முறையான விசாவுடன் விமான நிலையத்தில் வந்திறங்கி, காலம் முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்கள். 2010க்குப் பிந்தைய பல ஆண்டுகளில், புதிதாக ஆவணமற்ற நிலைக்கு வந்தவர்களில் எல்லை கடந்தவர்களைவிட இவர்களே அதிகம் என்று நியூயார்க்கிலுள்ள குடியேற்ற ஆய்வு மையம் மதிப்பிட்டது. வடக்கு எல்லையையும் மறந்துவிட முடியாது. 2022 ஜனவரியில் கனடாவின் மானிடோபா மாகாணத்திலிருந்து கால்நடையாக அமெரிக்காவுக்குள் நுழைய முயன்ற குஜராத்தைச் சேர்ந்த நான்கு பேர் குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட, பனியில் உறைந்து இறந்தது. தரகர்களின் பேச்சை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய மரணங்கள் அவை.

சுவரைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலப்படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர் நீளமுள்ள தெற்கு எல்லையில் பாதிக்கும் மேல் ரியோ கிராண்டே ஆறுதான் எல்லைக்கோடு. ஆற்றின் நடுவில் சுவர் எழுப்ப முடியாது. ஆகவே டெக்சாசில் அது கரைக்கு உள்ளே, சில இடங்களில் நெடுந்தூரம் தள்ளி நிற்கிறது. ஆற்றைக் கடந்து சுவரின் அடியில் வந்து நிற்பவர் ஏற்கெனவே அமெரிக்க மண்ணில்தான் நிற்கிறார். அதற்காகச் சுவர்களே வீண் என்று சொல்வதும் பிழை. 1994இல் சான் டியேகோவில் வேலியும் காவலும் பலப்படுத்தப்பட்டபோது அந்த நகரில் கடப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் வழி அரிசோனாப் பாலைவனத்துக்கு மாறியது; வெயிலிலும் தாகத்திலும் இறந்தவர்களின் உடல்கள் அங்கே ஆண்டுதோறும் கண்டெடுக்கப்பட்டன. ஓரிடத்தில் கிடைத்த வெற்றியை முழு எல்லையின் வெற்றியாகக் கணக்கிட்டதன் விலை அது.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘எங்கள் முன்னோர் முறையாக வந்தார்கள், இவர்களும் வரிசையில் நின்று வரட்டுமே’ என்பது நியாயமான கேள்வியாகவே ஒலிக்கிறது. அந்த வரிசை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால்தான் விடயம் புரியும். 1942 முதல் 1964 வரை ‘பிராசெரோ’ என்ற திட்டத்தின் கீழ் மெக்சிகோத் தொழிலாளர்கள் ஒப்பந்த முறையில் அமெரிக்க வயல்களுக்கு வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். திட்டம் 1964இல் முடிவுக்கு வந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வருவோருக்கு முதன்முறையாக ஆண்டு உச்சவரம்பு விதித்தது. 1976இல் நாட்டுக்கு 20,000 என்ற வரம்பும் சேர்ந்தது. வயல்களில் வேலை குறையவில்லை, ஆட்களும் மாறவில்லை; நேற்றுவரை சட்டப்படி வந்த அதே பயணம் இன்று சட்டவிரோதமாகிவிட்டது. இன்றைக்கும் தனித்திறன் தேவைப்படாத வேலைகளுக்கான நிரந்தர வசிப்பு அனுமதி, உலகம் முழுவதற்கும் சேர்த்து, சட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம்தான். அமெரிக்கக் குடிமகனின் மெக்சிகோ நாட்டு உடன்பிறப்பு இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். கிரீன் கார்டுக்குப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கு இந்த வரிசையின் நீளத்தை விளக்க வேண்டியதில்லை. பட்டப்படிப்பில்லாத ஒருவருக்குப் பெரும்பாலும் நிற்பதற்கான வரிசையே கிடையாது.

காவலைக் கூட்டினால் ஆவணமற்றோர் தொகை தானாகக் குறையும் என்ற நம்பிக்கையையும் இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 பேராக இருந்த எல்லைக் காவல் படை 2011இல் 21,000 பேரைத் தாண்டியது. 1990இல் சுமார் 35 லட்சமாக இருந்த ஆவணமற்றோர் தொகை 2007இல் 1 கோடியே 22 லட்சமானது. வேலைவாய்ப்பு இழுத்தது ஒரு காரணம். இன்னொன்றைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸே நெடுங்காலக் கள ஆய்விலிருந்து எடுத்துச் சொன்னார்: கடப்பது ஆபத்தாகவும் செலவாகவும் ஆனதும், முன்பு போய்ப் போய் வந்தவர்கள் திரும்பிப் போவதை நிறுத்தினார்கள், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். உள்ளே வருவதைத் தடுக்க எழுப்பிய தடை, வெளியே போவதையும் தடுத்துவிட்டது.

புகலிடம் பற்றிய தவறுகளை இரு தரப்பினருமே செய்கிறார்கள். சாவடி அல்லாத இடத்தில் நுழைந்தவர் புகலிடம் கேட்கவே முடியாது என்பது சட்டத்தின் எழுத்துக்கு மாறானது. எந்த வழியில் வந்திருந்தாலும் அமெரிக்க மண்ணில் இருப்பவர் விண்ணப்பிக்கலாம் என்று 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்திலிருந்து வந்த பிரிவு சொல்கிறது. அனுமதியின்றி நுழைந்தது தனிக் குற்றம். முதல் முறைக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. 2024 ஜூனில் பைடனும் 2025 ஜனவரியில் டிரம்பும் பிறப்பித்த ஆணைகள் இந்த உரிமையைக் கடுமையாகச் சுருக்கின. வழக்குகள் எழுந்தது அந்தப் பிரிவை முன்வைத்துத்தான். மறுபுறம், துன்பப்பட்டு வருகிற எல்லோரும் அகதிகள் என்று பரிவோடு சொல்வதும் சரியல்ல. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோருக்கே சட்டம் இடம் தருகிறது. வறுமையும் வறட்சியும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஃபென்டனில் போதைப்பொருளை எல்லை கடந்து நடந்து வருகிறவர்களே கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சுக்குப் பறிமுதல் கணக்கு இடம் தருவதில்லை: பெரும்பகுதி நுழைவுச் சாவடிகளில் வாகனங்களில் பிடிபடுகிறது, தண்டிக்கப்படும் கடத்தல்காரர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றங்களைப் பொறுத்தவரை, டெக்சாஸ் மாநிலத்தின் கைதுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஆவணமற்றோர் கடுங்குற்றங்களுக்குக் கைதாகும் விகிதம் அமெரிக்காவில் பிறந்தவர்களைவிடக் குறைவு என்று கண்டார்கள். ஒரு கொடிய கொலை, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு விகிதமாகத் தெரியாது. அந்தத் துயரத்தை மதித்துக்கொண்டே விகிதத்தையும் சொல்ல முடியும்.

அதேபோல, எல்லைக் கட்டுப்பாடு கேட்பவர்கள் எல்லோரையும் இனவெறியர்கள் என்று ஒதுக்குவது விவாதத்தையே முடித்துவிடுகிறது. 2022 வசந்த காலம் முதல் நியூயார்க் நகரத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் வந்தார்கள். வீடற்றவர்களுக்கு உறைவிடம் தர வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டால் கட்டுண்டிருந்த நகராட்சி, விடுதிகளை வாடகைக்கு எடுத்துத் தங்கவைத்தது. குடியேறிகளால் வளர்ந்த நகரமே திணறியது. கடுமையான கட்டுப்பாட்டால் எதுவும் நடக்காது என்பதும் உண்மையன்று. 2024 ஜனவரியில் மெக்சிகோ தன் பக்கத்தில் காவலை இறுக்கியதும் எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது, பைடனின் ஜூன் ஆணைக்குப் பின் மேலும் குறைந்தது, 2025இல் பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே அதிபரின் பெயரைச் சொல்வது, இந்த வரிசையைப் பார்த்தால், யாருக்கும் பொருந்தாது.

குடும்பங்கள் செய்யும் ஒரு தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, சட்டவிரோதமாக நுழைந்த ஒருவர் விசா வாங்கத் தாய்நாட்டுக்குக் கிளம்பினால், 1996ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கதவை அடைத்துவிடும். 180 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவருக்கு மூன்று ஆண்டுத் தடை, ஓராண்டுக்கு மேல் என்றால் பத்து ஆண்டு. தடை தொடங்குவதே நாட்டை விட்டு வெளியேறும் கணத்தில்தான். ஆகவே தேர்ந்த வழக்கறிஞரைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது.

கடைசியாக, இந்த விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத குடியேற்ற நீதிமன்றங்கள். அவை நீதித் துறையின் தனி நீதிமன்றங்கள் அல்ல. மத்திய அரசின் சட்ட அமைச்சகத்துக்கு உட்பட்டவை. அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை அங்கே இல்லை, எதிரே நிற்பது சிறுவனாக இருந்தாலும். 2024இல் அங்கே தேங்கிய வழக்குகள் 35 லட்சத்தைத் தாண்டின. நீதிபதிகள் அப்போது ஏறத்தாழ 700 பேர். தகுதியுள்ளவர் பல ஆண்டுகள் நிச்சயமின்றிக் காத்திருக்கிறார். தகுதியற்றவருக்கோ அதே ஆண்டுகள் வேலை செய்யும் காலமாகின்றன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சுவருக்கு 4,650 கோடி டாலரும் தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி டாலரும் ஒதுக்கியது. குடியேற்ற நீதிபதிகளின் எண்ணிக்கை 800ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்ததும் அதே சட்டம்தான்.